காய்ந்தால் சரியாகிவிடும்

பெயின்டர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பொய் உண்டு. வீட்டுக்காரர் வந்து சுவரைப் பார்த்து முகம் சுளித்தால், "காயட்டும், காஞ்சா சரியாயிடும்" என்போம். பாதி நேரம் அது உண்மைதான். ஈரச் சுவர் ஒரு நிறம் காட்டும், காய்ந்த சுவர் இன்னொரு நிறம் காட்டும். மீதி நேரம், செய்த தப்பை யோசித்துச் சரிக்கட்ட ஒரு நாள் அவகாசம் வாங்குகிற வார்த்தை அது. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது.

தொழிலில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கண்ணளவு என்றால்தான் தெரியும். கடையில் மிஷினில் நம்பரைத் தட்டி நிறம் கலந்து கொடுக்கிற காலம் வந்த பிறகும் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வாளியில் வெள்ளை பெயின்ட்டை ஊற்றுவேன். நிறம் ஏற்றுகிற ஸ்டெய்னர் பாட்டில்களைப் பக்கத்தில் வரிசையாக வைத்துக்கொள்வேன். சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, குச்சியைத் தூக்கிப் பார்த்து, போதும் என்று கண் சொன்னதும் நிறுத்துவேன். "அதெல்லாம் கண்ணளவு போதும்" என்று அடிக்கடி சொன்னதில் ஒட்டிக்கொண்ட பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. அதை இறக்கி வைக்கத் தனியாக ஒரு ஏணி வேண்டும் என்பான் என் மைத்துனன்.

மைத்துனன் என் மனைவியின் தம்பி. பன்னிரண்டு வருடமாக என்னோடுதான் வேலை செய்கிறான். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பனான பிறகும் அவன் வாய்க்கு மட்டும் வயசாகவில்லை.

இது நடந்தபோது நான் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாதம் முடியப் போகிறது. இருமல் நின்று, சாப்பாடு இறங்கி, உடம்பு தேறிவிட்டது. இனி யாருக்கும் ஒட்டாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு நாள் விடாமல் விழுங்க வேண்டும். அதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. என் அண்ணனுக்கும் இதே வியாதி வந்தது. உடம்புதான் தேறிவிட்டதே என்று இரண்டாவது மாதமே அவன் மாத்திரையைத் தூக்கிப் போட்டான். அடுத்த வருடம் அவன் இல்லை.

மாத்திரை கொடுத்த அன்று கூடவே ஒரு தாளும் கொடுத்தார்கள். நிறம் மாறித் தெரிந்தாலோ பார்வை மங்கினாலோ உடனே வரவும் என்று அதில் ஒரு வரி இருந்தது. மனைவி அதை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகும்போது நர்ஸ் எடை பார்ப்பார், இருமல் கேட்பார், கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துக் காட்டி, "இது என்ன கலர்?" என்பார். "சிவப்பு" என்பேன். ஒவ்வொரு மாதமும் அதே பேனாதான். பெயின்டரிடம் போய் இதைக் கேட்கிறார்களே என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பாக வரும்.

இந்தச் சமயத்தில்தான் டெய்லரம்மா வீட்டு வேலை வந்தது. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தனி ஆள். வீட்டின் முன்னறையில் தையல் மிஷின், அதை ஒட்டி, வருகிறவர்கள் துணியைப் போட்டுப் பார்க்க ஒரு சின்ன அறை, பின்னால் படுக்கையறை. மூன்றுக்கும் ஒரே நிறம் அடிக்க வேண்டும் என்று ஒரு லைனிங் துணித் துண்டை என் கையில் வைத்தார்.

"சாம்பலும் இல்ல, பச்சையும் இல்ல. சாம்பலுக்குள்ள பச்சை ஒளிஞ்சிருக்கணும்" என்றார். "நாள் முழுக்க ஊசியையும் நூலையும் பாக்கற கண்ணு. நிமிந்து பாத்தா சுவரு என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது. அப்படி ஒரு கலர்."

"கண்ணளவுகிட்ட கொடுத்துட்டீங்கல்ல, மறந்துடுங்க" என்றேன்.

சுவரைத் துடைத்து, விரிசலுக்குப் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர் அடித்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. நான்காம் நாள் காலையில் சின்ன அறைக்கு நிறம் கலக்க உட்கார்ந்தேன். வெள்ளையில் கறுப்பு ஒரு துளி, மஞ்சள் அரைத் துளி, பிறகு பச்சை. கலக்கினேன். சாம்பல்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பச்சை விட்டேன். அப்போதும் சாம்பல்தான். பாட்டிலே மட்டமான சரக்கோ என்று லேபிளைப் பார்த்தேன். எழுத்து பூசினாற்போல் இருந்தது. நாற்பத்தெட்டு வயதாகிறது, கண்ணாடி போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் விட்டேன்.

"போதும் மாமா" என்றான் மைத்துனன்.

"நீ கலக்கறியா, நான் கலக்கறேனா?"

"நீங்கதான் கலக்கறீங்க. அதனாலதான் சொல்றேன்."

"பச்சைத் தண்ணின்னு சொல்றோம், அது பச்சையாவா இருக்கு? போய் டேப் ஒட்டு."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். நான் இன்னும் இரண்டு தடவை விட்டேன். அப்போதுதான் துணித் துண்டில் இருந்த அந்த ஒளிந்த பச்சை குச்சியிலும் வந்தது. ரோலரை எடுத்து வாசலுக்கு எதிர்ச் சுவரை ஒரே மூச்சில் அடித்து முடித்தேன். தள்ளி நின்று பார்த்தேன். அற்புதமாக வந்திருந்தது.

டெய்லரம்மா எழுந்து வந்து வாசலில் நின்றார்.

"பெயின்டரே, இது கிளிப்பச்சை."

"ஈரம்மா. காயட்டும், சரியாயிடும்."

"நான் கேட்டது இந்தத் துணி." துண்டைச் சுவரோடு வைத்துப் பிடித்தார். "இதுவும் அதுவும் ஒண்ணா?"

எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். மைத்துனனின் முகத்தைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"காயட்டும்" என்று மறுபடியும் சொன்னேன்.

மத்தியானம் வரை ஃபேனைப் போட்டுக் காயவைத்தோம். காய்ந்த சுவரைப் பார்த்து டெய்லரம்மா பெருமூச்சு விட்டார். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் உள்ளே போய், நூல்கண்டுப் பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் திறந்து வைத்தார்.

"இந்தத் துணிக்கு எந்த நூல் போடலாம்னு நீங்களே எடுங்க. அந்த நூலை வச்சுக் கலருக்கு வருவோம்."

நல்ல மனசோடுதான் கேட்டார். நான் துண்டை மடியில் வைத்துக்கொண்டு தேடினேன். அந்தப் பெட்டியில் பாதிக் கண்டுகள் ஒரே மாதிரி மங்கலாக இருந்தன. பொருந்துகிற மாதிரி இருந்த மூன்றை எடுத்து வைத்தேன்.

"மாமா" என்று மைத்துனன் மெதுவாகச் சொன்னான். "நடுவுல இருக்கறது ரோஸ்."

"தெரியும். சும்மா விளையாட்டுக்கு" என்றேன்.

விளையாட்டுக்குத் துணை சேர யாரும் இல்லை. டெய்லரம்மா மூன்று கண்டுகளையும் எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினார். நான் பிரஷ் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்க் குழாயடியில் உட்கார்ந்தேன். ஸ்டெய்னர் பாட்டில்களை எடுத்து மூடிகளைப் பார்த்தேன். சிவப்பு மூடி எது, பச்சை மூடி எது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை வைக்கிற இடம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அவற்றை மாற்றி மாற்றிக் கலைத்துவிட்டுத் திறந்தேன். தெரியவில்லை.

அலமாரிக் கதவில் ஒட்டிய தாளின் அந்த ஒரு வரி நினைவுக்கு வந்தது. உடனே வரவும். போனால் என்ன செய்வார்கள்? மாத்திரையை நிறுத்துவார்கள். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நான் என் அண்ணன் வீட்டில் பார்த்திருக்கிறேன். கடைசியில் அவன் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடிதான் தூங்குவான். மாத்திரையை நிறுத்தினால் மூச்சு போகும். நிறுத்தாவிட்டால் கண் போகும். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு என்னை நடுவில் நிற்க வைத்த மாதிரி இருந்தது. வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. இரத்தம் துப்பிய அன்றுகூட அவ்வளவு பயப்படவில்லை.

"அக்காகிட்ட மூச்சு விடக் கூடாது" என்று மைத்துனனிடம் சொன்னேன்.

"அக்காகிட்ட சொல்லல. டாக்டர்கிட்ட சொல்லலாம்ல?"

"நாலு நாள்ல கிளினிக்குக்குப் போகணும். அப்பப் பாத்துக்கலாம்."

"நாலு நாளைக்கு மாத்திரை?"

மறுநாள் காலையில் மனைவி எப்போதும் போல மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, தண்ணீரோடு நீட்டினாள். இதில் எது என் கண்ணைத் தின்கிறதோ தெரியாது. அவள் பார்க்கப் பார்க்க எல்லாவற்றையும் விழுங்கினேன். அடுத்த நாளும் விழுங்கினேன். அண்ணனுக்குப் பயந்து விழுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில் கண்ணில் பட்டதையெல்லாம் சோதித்துப் பார்த்தேன். சமையலறைக் கூடையில் தக்காளியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன். பழமா காயா என்று புரியாமல் அமுக்கிப் பார்த்தேன்.

"என்ன, காலங்காத்தால தக்காளிக்கு ஜோசியம் பாக்கறீங்க?" என்றாள் மனைவி.

"பழுத்திருக்கான்னு பாத்தேன்."

"அதான் பழுத்துத் தொங்குதே. கண்ணு எங்க இருக்கு?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். தக்காளியைக் கூடையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

டெய்லரம்மா வீட்டில் முன்னறைக்கு மைத்துனன் நிறம் கலந்தான். நான் முதல் முறையாக இன்னொருவன் கலந்த வாளியில் ரோலரை முக்கினேன். எனக்கு அது வெறும் சாம்பலாகத் தெரிந்தது, மழை நாளில் சிமென்ட் சுவர் இருக்கிற மாதிரி. டெய்லரம்மா வந்து பார்த்து, "இதேதான்" என்று கையைச் சேர்த்துக்கொண்டார். அவர் சந்தோஷப்பட்ட அந்த நிறம் எனக்கு இல்லை. கூரையை ஒட்டிக் கோடு இழுக்க ஏணியில் ஏறினேன். கோட்டின் நடுப்பகுதி மட்டும் கரைந்து கரைந்து போயிற்று. பிரஷ் இடறி வெள்ளைக் கூரையில் ஏறிவிட்டது. மைத்துனன் இன்னொரு ஏணியைக் கொண்டுவந்து, துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, மீதிக் கோட்டை அவனே இழுத்தான். பன்னிரண்டு வருடத்தில் அவன் என்னைக் கேலி செய்யாத முதல் நாள் அது.

நான்காம் நாள் அவன் பைக்கில் கிளினிக்குக்குப் போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது முடிவு செய்துவிட்டேன். சொல்லப் போவதில்லை. இன்னும் மூன்று மாதம்தான். எப்படியாவது ஓட்டிவிட்டால் உயிர் நிற்கும். அதற்குள் முழுசாகவா போய்விடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சுவருக்குச் சொல்கிற பொய்யையே எனக்கும் சொல்லிக்கொண்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

நர்ஸ் எடை பார்த்தார். "ஒரு கிலோ ஏறியிருக்கீங்க" என்றார். இருமல் கேட்டார். இல்லை என்றேன். சட்டைப் பைக்குள் கையை விட்டபடி, "இது என்ன கலர்?" என்று ஆரம்பித்தார்.

"சிவப்பு" என்றேன்.

நர்ஸ் கை பைக்குள்ளேயே நின்றது. "நான் இன்னும் எடுக்கவே இல்லையேண்ணே" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவர் நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். பேனாவை எடுத்து, காட்டாமலே, என் அட்டையில் குறிப்பு எழுதக் குனிந்தார். அவ்வளவுதான், தப்பித்தாயிற்று. எழுந்து கதவு வரை போய்விட்டேன். அங்கே நின்று திரும்பி அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தேன். கறுப்பாக ஒரு குச்சி தெரிந்தது. அது சிவப்புப் பேனாதானா என்று பார்த்தேன். இன்னும் உற்றுப் பார்த்தேன். மூன்று மாதமாக நான் அந்தப் பேனாவைப் பார்த்தே பதில் சொல்லவில்லை. போன மாதம் எப்படித் தெரிந்தது, அதற்கு முந்தின மாதம் எப்படித் தெரிந்தது, எனக்கு ஞாபகமே இல்லை. எப்போது ஆரம்பித்தது என்பதைக்கூட நான் கோட்டைவிட்டிருந்தேன்.

"சிஸ்டர், அதை எழுதாதீங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "என்னண்ணே?"

"எனக்குத் தெரியல. கலர் தெரியல. நான் பெயின்டர்." அதற்கு மேல் பேச முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அன்றே கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். புள்ளி புள்ளியாக இருந்த படங்களைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். ஒரு பக்கத்திலும் எனக்கு எண் தெரியவில்லை. எல்லாம் முடிந்து எங்கள் டாக்டர் என்னை எதிரில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். மாத்திரைகளில் ஒன்றுதான் சிலருக்குக் கண் நரம்பைக் கெடுக்கும். அதை மட்டும் இன்றோடு நிறுத்தலாம். மற்றவை தொடரும்.

"எங்கண்ணன் நிறுத்தித்தான் செத்தான்."

"அவர் எல்லாத்தையும் நிறுத்தினார். நாம ஒண்ணைத்தான் நிறுத்தறோம். உங்க நெஞ்சுக்கு வேற வழி இருக்கு."

"நாலு நாளைக்கு முன்னாடியே எனக்குத் தெரியும் டாக்டர். பயந்துக்கிட்டு வரல."

அவர் என்னைத் திட்டவில்லை. "இன்னிக்கு வந்தீங்களே" என்றார்.

"கண்ணு திரும்புமா?"

"நிறைய பேருக்குத் திரும்பும். மாசக்கணக்குல ஆகும். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது. பொறுத்துப் பாப்போம்."

காயட்டும் என்று நான் ஊருக்கெல்லாம் சொன்னதைத்தான் அவர் என்னிடம் சொன்னார். கேட்கிற இடத்தில் உட்காருவது எவ்வளவு கொடுமை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் முதலில் தம்பியைப் பிடித்துத் திட்டித் தீர்த்தாள். பிறகு அலமாரிக் கதவைத் திறந்து அந்தத் தாளுக்கு முன்னால் நின்றுகொண்டு என்னைத் திட்டினாள். பிறகு தக்காளியைப் பற்றித் தான் சொன்னது ஞாபகம் வந்து, பாதியில் விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மைத்துனனோடு டெய்லரம்மாவிடம் போய், வியாதி, மாத்திரை, கண் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வீட்டை விட்டுத் துரத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ரோஸ் நூலை நீங்க எடுத்தப்பவே எனக்குத் தெரியும்" என்றார். "உங்க முகத்தைப் பாத்துட்டுச் சொல்ல வாய் வரல. என் மேலயும் தப்பு இருக்கு."

"சின்ன ரூம் சுவரை இன்னிக்கு இவன் மறுபடி அடிச்சிடுவான். மன்னிச்சுக்கோங்க."

"வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்."

"கண்றாவியா இருக்குமேம்மா."

"கண்றாவிதான். நான் திரை தைச்சு மாட்டிக்கறேன். எனக்குத் தைக்கத் தெரியாதா?" என்றார். "நீங்க வாரா வாரம் சனிக்கிழமை வந்து திரையை விலக்கிப் பாருங்க. 'எந்த மடையன் இதை அடிச்சான்'னு என்னிக்கு உங்களுக்குத் தோணுதோ, அன்னிக்கு நீங்களே கலந்து, நீங்களே அடிங்க. அதுவரைக்கும் அந்தச் சுவரை வேற யாரும் தொடக் கூடாது."

மற்ற சுவர்களையெல்லாம் மைத்துனன் முடித்தான். இப்போது வேலைகளில் நிறம் கலப்பதும் கோடு இழுப்பதும் அவன்தான். நான் பட்டி வைக்கிறேன், உப்புத்தாள் தேய்க்கிறேன். அதற்குக் கை போதும். மாத்திரை தினமும் விழுங்குகிறேன், ஒன்று குறைவாக. லேசாக இருமல் வந்தாலும் வேர்த்துவிடுகிறது. கைக்குட்டையை மனைவியிடம் நீட்டி, "என்ன கலர் பாரு" என்கிறேன். அவள் பார்த்து, "வெள்ளைதாங்க" என்கிறாள்.

நேற்று ஏழாவது சனிக்கிழமை. மைத்துனன் உள்ளே வரவில்லை. பைக்கிலேயே உட்கார்ந்து, திருப்ப வேண்டாத கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தான். நான் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். திரை மொடமொடப்பாக இருந்தது. அதன் மடிப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். முன்னறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. விலக்கினேன்.

சுவர் மிக அழகாக இருந்தது. சாம்பலுக்குள் பச்சை ஒளிந்திருந்தது. கண்ணை உறுத்தவில்லை, என்னை ஒன்றும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு சரியாக நான் ஒரு சுவர் அடித்ததில்லை. பக்கத்திலே போய், தள்ளிப் போய், ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை மூடி, ஏதாவது ஒரு ஓரத்திலாவது அது அசிங்கமாகத் தெரியாதா என்று தேடினேன். ஒரு குறையும் இல்லை.

திரையை மூடினேன். மிஷின் நின்றிருந்தது.

"எப்படி இருக்கு பெயின்டரே?" என்று டெய்லரம்மா அங்கிருந்தே கேட்டார்.

"நல்லாத்தாம்மா இருக்கு" என்றேன்.

அவர் நூலை வெட்டுகிற சத்தம் கேட்டது.

"காயட்டும்" என்றார். மறுபடியும் மிஷின் ஓட ஆரம்பித்தது.